போரே செய்யாத மாவீரன்

ராஜஸ்தானின் ரீங்கஸ் ரயில் நிலையத்தில் பால்குன மாதத் திருவிழாவின்போது வந்து இறங்கும் கூட்டத்தில் பலர் பஸ்ஸையோ ஜீப்பையோ தேடுவதில்லை. நிலையத்துக்கு வெளியே கடைகளில் முக்கோணக் கொடிகள் குவிந்து கிடக்கின்றன. காவி, சிவப்பு, நீலம் என்று நிறத்துக்குக் குறைவில்லை. ஆளுக்கொன்றை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறார்கள். போக வேண்டிய தூரம் சுமார் 17 கிலோ மீட்டர். செருப்பில்லாமல் நடப்பவர்கள் நிறைய. சிலர் விழுந்து எழுந்து, உடலாலேயே தூரத்தை அளந்தபடி போகிறார்கள்.

எல்லோருக்கும் இலக்கு ஒன்றுதான்: சீகர் மாவட்டத்தில், ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டரில் உள்ள காட்டு கிராமம். அங்கே ‘ஷியாம் பாபா’ என்று வணங்கப்படுபவர் கிருஷ்ணன் அல்ல. கிருஷ்ணனின் பெயரைத் தாங்கிய வேறொருவர். பீமனின் பேரன், கடோத்கஜனின் மகன் பார்பரிகன். குருக்ஷேத்திரத்தில் ஓர் அம்புகூட எய்யாத வீரன்.

வியாச பாரதத்தில் இவனைத் தேடினால் கிடைக்க மாட்டான். ஸ்கந்த புராணத்தில் வருகிறான். அதைவிட அதிகமாக வட இந்திய மக்களின் வாய்மொழியில் வாழ்கிறான். தவம் செய்து அவன் பெற்றவை மூன்றே அம்புகள். ஒன்று அழிய வேண்டியவர்களைக் குறிக்கும். இன்னொன்று காக்கப்பட வேண்டியவர்களைக் குறிக்கும். மூன்றாவது அழித்துவிட்டு அம்பறாத்தூணிக்கே திரும்பிவிடும். போர் பார்க்கக் கிளம்பியவன் தாயிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்: தோற்கும் பக்கத்துக்கே துணை நிற்பேன்.

வழியில் அந்தணர் வேடத்தில் மறித்த கிருஷ்ணன், அரச மரத்தின் இலைகளையெல்லாம் ஒரே அம்பில் துளைத்துக் காட்டச் சொன்னானாம். அம்பு எல்லா இலைகளையும் துளைத்துவிட்டுக் கிருஷ்ணனின் காலைச் சுற்றி வந்தது. காலடியில் ஓர் இலை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது! ஹரியானாவின் பானிப்பட் மாவட்டத்தில் உள்ள சுல்கானா கிராமத்தினர், அந்த மரம் தங்கள் ஊரில்தான் இருக்கிறது என்கிறார்கள்.

சோதனை முடிந்ததும் கிருஷ்ணனுக்குக் கவலை பிறந்தது. பார்பரிகன் எந்தப் பக்கம் சேர்கிறானோ அது வலுத்துவிடும். எதிர்ப்பக்கம் தோற்கத் தொடங்கும். வாக்குப்படி அவன் அங்கே மாற வேண்டும். பிறகு மறுபடி இங்கே. கடைசியில் இரு சேனையும் அழிந்து அவன் ஒருவனே மிஞ்சுவான். எனவே அந்தணர் தானமாகக் கேட்டது அவனுடைய தலையை. அவன் தயங்கவில்லை. போரை முழுவதும் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். தலை ஒரு குன்றின் உச்சியில் வைக்கப்பட்டது.

போர் முடிந்து, வெற்றி யாரால் என்று பாண்டவர்களுக்குள் வாக்குவாதம் வந்தபோது, அனைத்தையும் பார்த்த தலையிடம் தீர்ப்புக் கேட்டார்கள். களமெங்கும் சுழன்றது சுதர்சன சக்கரம் ஒன்றுதான் என்றது அது. தாத்தா பீமனுக்குக்கூடச் சலுகை இல்லை. மகிழ்ந்த கிருஷ்ணன், கலியுகத்தில் என் பெயரால் உன்னை வணங்குவார்கள் என்று வரமளித்தான்.

ஸ்கந்த புராணத்தில் முடிவு சற்று வேறு. போரை நானே முடித்துவிடுவேன் என்று அவன் சொல்ல, கிருஷ்ணன் சக்கரத்தால் தலையை வெட்டிவிடுகிறான். காட்டுவின் பக்தர்கள் நினைவில் வைத்திருப்பது அதை அல்ல. கேட்டதும் தலையைக் கொடுத்த வள்ளலை. அவர்கள் சூட்டிய பட்டங்களில் ‘தலையைத் தானம் தந்தவன்’ என்பது முக்கியமானது. அதைவிடப் பிரபலமானது ‘ஹாரே கா சஹாரா’ - தோற்றவனுக்குத் துணை. லாரிகளின் முகப்பிலும் கடைகளின் நெற்றியிலும் இந்த வாசகத்தை வட இந்தியா முழுக்கப் பார்க்கலாம்.

பசு ஒன்று தானாகப் பால் சொரிந்த இடத்தில் தோண்டியபோது தலை வெளிப்பட்டது என்பது தல வரலாறு. அந்த இடம் ஷியாம் குண்டம் என்ற குளமாக இருக்கிறது. நீராடிவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போகிறார்கள். கனவில் கட்டளை பெற்ற ரூப்சிங் சௌஹானும் அவர் மனைவி நர்மதா கன்வரும் 1027-ல் முதல் கோயிலைக் கட்டியதாகவும், 1720-ல் திவான் அபய்சிங் அதைப் புதுப்பித்ததாகவும் கோயில் மரபு சொல்கிறது. இன்றுள்ளது வெள்ளைப் பளிங்குக் கோயில். கருவறையில் உடல் கிடையாது. மலர் அலங்காரத்துக்கு நடுவே பெரிய கண்களும் மீசையுமாக முகம் மட்டுமே.

ஷேகாவாட்டி வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி கொல்கத்தா வரை போன மார்வாரி வியாபாரிகள், போன இடத்துக்கெல்லாம் ஷியாம் பாபாவையும் கொண்டு போனார்கள். லாபமும் நஷ்டமும் மாறி மாறி வரும் தொழிலில் தோற்றவனுக்கு ஒரு தெய்வம் தேவைப்பட்டதில் வியப்பில்லை. இன்றைய கூட்டத்தில் அவர்கள் ஒரு பகுதியே. கடன்பட்டவர்கள், வேலை கிடைக்காதவர்கள், வழக்கில் சிக்கியவர்கள், குழந்தை வரம் கேட்பவர்கள் என்று ஏதோ ஒரு போரில் பின்வாங்கியவர்கள்தான் பெரும்பாலோர்.

தலை கொடுத்துப் போர் பார்த்த கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. வியாச பாரதத்தில் எட்டாம் நாள் போரில் மடியும் அரவான், தமிழகத்துத் திரௌபதி அம்மன் மரபில் போருக்கு முன்பே களப்பலியாகி, வெட்டுண்ட தலையால் போரைப் பார்க்கிறான். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அழுபவர்கள் திருநங்கைகள். அங்கும் சரி, காட்டுவிலும் சரி, வென்றவர்களின் காவியத்தில் இடமில்லாத வீரனை, சமூகத்தில் இடம் கிடைக்காதவர்கள் தமக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் தோற்றவர்களின் துணை என்று பெயரெடுத்த வாசலிலேயே பலவீனமானவர்கள் விழுந்த நாளும் உண்டு. 2022 ஆகஸ்ட் 8, ஏகாதசி. இரவெல்லாம் காத்திருந்த கூட்டம், அதிகாலையில் கதவு திறந்ததும் முண்டியடித்தது. நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். அந்த நவம்பரில் கோயில் மூடப்பட்டது. நெரிசலைக் குறைக்க வரிசைகளும் வழிகளும் மாற்றியமைக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. சின்னக் கிராமம் ஒன்றின் தெருக்களுக்குள் திருவிழா நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் நுழைகிறார்கள். அவர்களில் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் பத்திரமாக வெளியே வர வேண்டும் என்பதே நிர்வாகத்துக்கு ஒவ்வொரு ஏகாதசியும் வைக்கும் பரீட்சை.

தரிசனம் சில நொடிகள்தான். சுமந்து வந்த கொடியைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு, கையில் பிரசாதத்துடன் மக்கள் ரீங்கஸுக்குத் திரும்புகிறார்கள். இந்த முறை பலரும் நடப்பதில்லை, கால்கள் வீங்கியிருக்கின்றன. ஜீப்புகள் நிரம்பிப் புறப்படுகின்றன. ஊரில் கடன் அப்படியே இருக்கும், வழக்கும் அப்படியே இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கொடி வரிசை ‘ஜெய் ஸ்ரீ ஷியாம்’ என்று குரல் கொடுத்தபடி வருகிறது. ஜீப்பில் இருப்பவர்களும் கழுத்தை நீட்டிப் பதில் குரல் கொடுக்கிறார்கள்.