கச்சான் காலத்து ஆறு

கோடையில் வீசும் கச்சான் காற்று ஓய்ந்த விடியற்காலைகளில் எங்கள் தன்னாமுனைக் கரையில் இறால் தானாகக் கரையேறும். வலையும் வேண்டாம், அத்தாங்கும் வேண்டாம். கண்ணாப் பற்றைகளின் மூச்சுவேர்களுக்கிடையில், கணுக்கால் தண்ணீரில், நண்டுகள் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு நிற்கும். யப்பான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கையை நீட்டினாலும் ஓடாது. பொடியன்மார் நாங்கள் சட்டையைக் கழற்றிப் பையாக்கி அள்ளுவோம்.

வீட்டில் அம்மம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பா. "மனே, ஆத்துக்குச் சுகமில்ல. இது கறிக்கு ஆகாது, கோழிக்கும் போடாத." அவ்வளவும் தென்னை அடியில் புதையும். மாமாவுக்குக் கவலையில்லை. "முகத்துவாரம் வெட்டினா எல்லாத்தையும் கடல் கொண்டுபோயிரும்" என்பார்.

மாமா சொன்னது மாரிக்குச் சரி. நாங்கள் ஆறு என்று சொல்லும், 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு தொடர்பு பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான். உன்னிச்சைப் பக்கத்து வெள்ளம் இறங்கி, மணல்திட்டையும் வெட்டிவிட்டால், கலங்கல் தண்ணீர் இரவு பகலாக ஓடும். கோடையில் மணல் வாயை அடைத்துவிடும். பிறகு அது அடுப்பில் வைத்து மறந்த சட்டிதான். வற்ற வற்றச் செறிவு ஏறும்.

உள்ளே போனவை என்ன? நெல் அவித்த தண்ணீர் மதகு வழியாகக் கறுத்து நுரைத்து வரும். அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. அதைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் போனது கக்கூசுக் குழிகளிலிருந்து. எங்கள் மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயா சைக்கிளைச் சாத்திவிட்டு, கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்கிறதா என்று காலடி வைத்து அளப்பார். ஆற்றுப் பக்கம் யாரும் அளந்ததில்லை.

கழிவைத் தின்னும் கிருமிகள் நீரிலுள்ள ஒட்சிசனையும் இழுத்துக்கொள்கின்றன. பகலில் பாசி வெயிலைக் கொண்டு ஒட்சிசன் விடும். இரவில் அதுவும் சேர்ந்து இழுக்கும். காற்றும் ஓய்ந்து அலை அடங்கினால் விடியலில் மீனுக்கு மூச்சு முட்டும். சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே கிருமிகளுக்குத்தான் வேலை. ஆனால் அங்கே காற்றை ஊதிக் கொடுக்கிறார்கள், மண்டியைப் பிரித்தெடுக்கிறார்கள், எல்லாம் தொட்டிக்குள்ளேயே முடிகிறது. குழாய்வழிச் சாக்கடை இலங்கையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்குக் குழியும் அதை உறிஞ்சியெடுக்கும் கலி பவுசரும் என்பதால், பவுசர் எங்கே கொட்டுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்னக் கிருமிகள் இழுக்கும் ஒட்சிசன், லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த அளவைத் தரும் அட்டவணைக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு: கழிவுநீரைப்போல் எட்டு மடங்கு சுத்தமான தண்ணீர் வாங்கிக்கொள்ளும் இடத்துக்கே அந்த அளவு, குறைந்தால் அளவையும் குறைக்க வேண்டும். முகத்துவாரம் அடைபட்ட ஆவணி மாதத்தில் அந்த எட்டு மடங்குக்கு எங்கே போவது? கச்சான் மாதங்களுக்கென்று தனி அளவு வைத்து, அந்த மாதங்களிலேயே தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.