எடை மேடையில் ஒரு காலிக் கட்டம்

நாமக்கல் பக்கம் சாலையோர எடை மேடை ஒன்று. கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடையேறி நின்றது. இண்டிகேட்டரில் எண்கள் ஓடி 24,860-இல் நின்றன. கம்ப்யூட்டர் திரையில் ‘லோடு எடை’ கட்டத்திலும் அதே எண். யாரும் கீபோர்டைத் தொடவில்லை.

“எப்படி தம்பி தானா வருது?”

“டிகிண்டர்ங்கண்ணா” என்று பைத்தான் கோப்பைத் திறந்து காட்டினார் புரோகிராம் எழுதிய இளைஞர். கட்டத்தை ஒரு வேரியபிளோடு ‘டெக்ஸ்ட்வேரியபிள்’ என்ற ஒரே சொல்லால் முடிச்சுப் போட்டிருந்தார். வேரியபிளில் எண் மாறினால் கட்டம் மாறும். கட்டத்தில் தட்டினால் வேரியபிள் மாறும். வேரியபிள் மாறும்போதெல்லாம் நிகர எடையைக் கணக்கிடும்படி ‘டிரேஸ்’ ஒன்றும் வைத்திருந்தார். இந்த முடிச்சு டிகிண்டர் வழியாகப் பைத்தானுக்கு டிகேயிலிருந்து வந்தது. பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-இல் உருவாக்கிய டிக்கிள் மொழிக்காக அவரே எழுதிய திரைக் கருவித்தொகுப்பு அது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. கட்டத்தை ஓயாமல் எட்டிப் பார்த்து எண்ணை எடுத்துவரும் வேலையே இல்லை.

தம்பி காலி எடையைத் தட்டினார்: 8, 4, 2, 0. நான் நிகர எடைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 24,852, 24,776, 24,018, கடைசியில் 16,440. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு விடை, கடைசி ஒன்றுதான் சரி. 842-இல் கை நின்று பிரிண்ட் கொடுத்தால் சோளம் வாங்குபவர் ஏழரை டன்னுக்கு மேல் கூடுதலாகப் பணம் கட்டுவார்.

“இப்ப எல்லாத்தையும் அழிங்க” என்றேன். ஒவ்வொரு எண்ணாக அழிந்து காலி எடைக் கட்டம் வெறுமையானது. நிகர எடையோ 24,852-இலேயே நின்றது, பிரிண்ட் பட்டனும் திறந்தே கிடந்தது. தம்பியின் முகம் மாறியது. பின்னாலிருந்த கறுப்பு ஜன்னலில் மட்டும் பிழைச் செய்தி விழுந்திருந்தது. எடை போடுபவர் அதைப் பார்ப்பதே இல்லை.

காரணம் எளிது. டிக்கிளுக்கு எல்லாமே எழுத்துச் சரம். முழு எண்ணுக்கான வேரியபிள் என்று ‘இன்ட்வார்’ எனப் பெயர் வைத்தாலும், கட்டத்தில் இருப்பது எழுத்துதான். கேட்கும்போதுதான் எண்ணாக மாற்றப்படுகிறது. வெறுமையை எண்ணாக மாற்ற முடியாமல் கணக்கு பாதியில் முறிந்தது, பழைய விடை அப்படியே தங்கிவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். காலி எடைக்கு எழுத்துச் சரத்துக்கான ‘ஸ்ட்ரிங்வார்’. எண்ணாக மாறாவிட்டால் முதலில் நிகர எடையை அழி, பிரிண்ட் பட்டனைப் பூட்டு. என்டர் தட்டிய பிறகே பட்டன் திறக்கும். அதன்பின் ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி பூட்டு. லோடு எடைக் கட்டத்தை வாசிக்க மட்டும் என்று ஆக்கினோம். வேரியபிள் வழியாக இண்டிகேட்டரின் எண் அதில் வந்துகொண்டே இருக்கும், கை மட்டும் நுழையாது.

அடுத்த லாரி ஏறியது. காலி எடை வெறுமை, நிகர எடை வெறுமை, பட்டன் சாம்பல் நிறத்தில். தம்பி எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினார். எடைச் சீட்டு வெளியே வந்தது. டிரைவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.