மூன்று குச்சிகள்

என் தந்தை தச்சர். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன், எங்கள் ஓட்டு வீட்டின் உத்திரத்துக்குக் கீழே, சுவர்களில் அறைந்திருந்த இரண்டு ஆணிகளுக்கு இடையே ஒரு நூலை விறைப்பாகக் கட்டுவார். இரு முனைகளிலும் நடுவிலுமாக மூன்று இடங்களில், நூலுக்கும் உத்திரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குச்சிகளால் அளப்பார். அவற்றைச் சென்ற ஆண்டின் குச்சிகளோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், கிழக்கு முனைக் குச்சி ஒரு நெல்லளவு குறுகியிருந்தது.

பொறியியல் பயின்ற நண்பனிடம் உத்திரத்தின் அளவுகளைச் சொன்னேன். அவன் கணக்கிட்டு, இன்னும் இருமடங்கு சுமையைத் தாங்கும் என்றான். அதைத் தந்தையிடம் பெருமையோடு கூறினேன்.

“கணக்கு மரத்தைப் பார்த்துப் போட்டதா, மரத்தின் பெயரைக் கேட்டுப் போட்டதா?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே கிழக்கு முனைக்கு முட்டுக் கொடுத்தார். படித்தவன் சொல்லை மதிக்கவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சினம்.

கோடையில் ஓடு மாற்றும்போது உண்மை தெரிந்தது. சுவருக்குள் புதைந்திருந்த உத்திரத்தின் முனை, கறையானுக்கு இரையாகி மாவாய் உதிர்ந்தது. அதன் கீழேதான் அம்மாவும் தங்கையும் உறங்குவார்கள்.

நெடுநாள் மறந்திருந்த அந்தக் குச்சிகள், சென்ற ஆண்டு மீண்டும் நினைவுக்கு வந்தன. என் பழைய மாணவி ஒருவர் தம் ஆய்வகத்தைக் காண என்னை அழைத்திருந்தார். அங்கே, நடுவில் வட்டத் துளையிட்ட அலுமினியத் தகடு ஒன்றை ஓர் இயந்திரம் மேலும் கீழுமாகப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. தகட்டில் வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் ஒழுங்கின்றிக் கரும்புள்ளிகளைத் தெளித்திருந்தனர். இரண்டு ஒளிப்படக் கருவிகள் அதை இமைக்காமல் நோக்கிக்கொண்டிருந்தன.

“புள்ளிகள் எதற்கு?” என்று கேட்டேன்.

“கணினி படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கும், ஐயா. ஒரு கட்டத்தின் புள்ளி அமைப்பு இன்னொன்றில் இருக்காது. ஆகவே, இழுத்த பின் எடுத்த படத்தில் ஒவ்வொரு கட்டமும் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்” என்றார்.

100 மில்லிமீட்டர் நீளமுள்ள பொருள் 0.1 மில்லிமீட்டர் நீண்டால், அதன் திரிபு 0.001. வெறுங்கண்ணுக்கு எட்டாத இந்த நுண்மாற்றத்தைத் தகட்டின் பரப்பு முழுவதும், பொருளைத் தொடாமலே இம்முறை அளந்துவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை உருவாக்கினர். இதை எண்ணிமப் படிம ஒப்பீடு எனலாம்.

அருகிலிருந்த மற்றொரு திரையில் அதே தகட்டின் கணினி மாதிரி இருந்தது. தகட்டைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தன் அண்டைக் கூறுகளோடு சேர்ந்து எவ்வாறு நீளும் என்று கணினி கணக்கிடுகிறது. அகன்ற தகட்டை ஒரு திசையில் இழுத்தால், வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என்பதைச் செருமானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் கணித முறையில் நிறுவினார். மாதிரியும் துளையின் இருபுறமும் சமமான சிவப்பு நிறத்தைக் காட்டி, அங்கே திரிபு மிகுதி என்றது. ஆனால், புள்ளிகள் வலப்புறமே சிவந்திருந்தன.

“மாதிரி தவறா?” என்றேன்.

“இல்லை, ஐயா. நேராக இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்குச் சரியாகவே விடை சொன்னது. இயந்திரத்தின் பிடி சற்றுச் சாய்ந்திருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.”

தகட்டின் விளிம்புகள் உண்மையில் நகர்ந்த அளவுகளைப் படங்களிலிருந்து எடுத்து மாதிரிக்குக் கொடுத்தார். இரு திரைகளும் ஒத்துப்போயின. இனி, படக்கருவி காணமுடியாத உட்பகுதியின் தகைவையும் அந்த மாதிரியிடம் நம்பிக் கேட்கலாம் என்றார். கண் மேற்பரப்போடு நின்றுவிடும். கணக்கு உள்ளேயும் செல்லும். ஆனால், கணக்குப் புறப்படும் இடத்தைக் கண்தான் காட்ட வேண்டும்.

இது ஆய்வகத்தோடு முடிகிற செய்தியன்று. 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் வகைப் பயணிகள் வானூர்திகள் நடுவானில் சிதைந்து, இத்தாலியை அடுத்த கடலில் வீழ்ந்தன. 56 பேர் மாண்டனர். பின்னர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், அதே வகை வானூர்தி ஒன்றின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் செலுத்திச் சோதித்தனர். சன்னல் ஒன்றின் மூலையிலிருந்து அது பிளந்தது. மூலைகளில் உண்டாகும் தகைவு, வடிவமைத்தவர்களின் மதிப்பீட்டைவிட மிகுதியாக இருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது.

விடைபெறும் வேளையில், மாணவியிடம் உத்திரத்தின் கதையைச் சொன்னேன். “பிறகு உங்கள் தந்தை கணக்கையே நம்பவில்லையா, ஐயா?” என்று கேட்டார்.

நம்பினார். உளுத்த முனையை அறுத்தெறிந்த மறுநாள், என் நண்பனை வீட்டுக்கு வரவழைத்தார். எஞ்சிய மரத்தைத் தொட்டும் தட்டியும் பார்க்கச் செய்தார். “இப்போது சொல் தம்பி, இதற்கு எவ்வளவு தாங்குகட்டை வேண்டும்?” என்று கேட்டார். நண்பன் கணக்கிட்டுச் சொன்னான். தந்தை அந்த அளவிலேயே செய்து பொருத்தினார். அடுத்த ஐப்பசியிலும் நூலைக் கட்டினார். அந்த முறை குச்சிகளை அளந்தவன் நான்.