கொறங்காட்டில் ஒரு வருடப் படிப்பு

கோவையிலிருந்து திருச்சி சாலையில் சூலூர், பல்லடம் வரைக்கும் மில்லும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும்தான் கண்ணில் படும். பொங்கலூரைத் தாண்டிக் காங்கயத்தை நெருங்கும்போது நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. வேலிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். மரத்தடியில் நாலைந்து காங்கயம் மாடுகள், கொஞ்சம் தள்ளி செம்மறிக் கூட்டம். மேய்ப்பவர் யாரும் இருக்கமாட்டார். இதற்குத்தான் கொறங்காடு என்று பெயர்.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் மேய்ச்சல் நிலம் இது. புறம்போக்கு அல்ல, பட்டா நிலம். மழை குறைந்த மேட்டாங்காட்டில் பயிர் வைத்து நட்டப்படுவதைவிடப் புல்லை வளர்த்து, அந்தப் புல்லை ஆடு மாடாக மாற்றலாம் என்று முன்னோர் கண்ட கணக்கு. ஆடு மாடு வளர்ப்பை முறையாகப் பழக நினைக்கும் இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கொங்கு நாட்டில் இல்லை. ஆனால் மூன்று நாள் பயிற்சியில் இது வராது. ஒரு வருடம், எல்லாப் பருவத்தையும் பார்த்தாக வேண்டும்.

முதல் பாடம்: படல்

கொறங்காட்டில் மூன்று அடுக்கு உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல்லும், அதனூடே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி போன்ற பயறு வகைச் செடிகளும். மேலே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. புல் வயிற்றை நிரப்பும். பயறுச் செடி புரதம் தருவதோடு மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளைக் காப்பாற்றும்.

புதிதாகப் பழக வருபவர் முதலில் மாட்டைப் பார்க்கிறார். அனுபவசாலியோ முதலில் புல்லைப் பார்க்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் கிளம்பியதும் கால்நடையை உள்ளே விட்டுவிட ஆசை வரும். அங்கேதான் பெரியவர்கள் தடுப்பார்கள். "பூத்து உதுரட்டும் கண்ணு, அப்புறம் உட்டுக்கலாம்" என்பார்கள். விதை உதிர்ந்தால்தான் அடுத்த மழைக்குப் புதுப் புல் முளைக்கும். தரையோடு கரண்டவிட்டால் வேரில் சேமிப்பு போய், அடுத்த மழைக்குத் தூர் வெடிக்காது. அதனால்தான் ஒரே பரப்பாக விடாமல் நிலத்தைப் பல காடுகளாகப் பிரித்து வேலி போட்டார்கள். ஒன்றில் மேயும்போது மற்றவை ஓய்வெடுக்கும்.

ஆக, எந்தக் காட்டின் படலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதே இந்தத் தொழிலின் சாரம். உலகெங்கும் மேய்ச்சல் நில வல்லுநர்கள் சுழற்சி மேய்ச்சல் என்று சொல்வதும் இதைத்தான்.

வருடம் முழுக்க வேலை

மழைக்கு முன் வேலி வேலை. கிளுவைப் போத்துகளை வெட்டி இடைவெளியில் ஊன்றினால் மழையில் துளிர்த்துவிடும். ஒரு சந்து விட்டால் போதும், பக்கத்துக் காட்டில் ஆடு நுழைந்து வம்பு வரும். இதே சமயத்தில் ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கமும் துள்ளுமாரி தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். மழைக்குப்பின் வரும் இளம் புல்லை வயிறு முட்ட மேய்ந்து நன்றாக இருந்த ஆடு திடீரென்று விழுவது பெரும்பாலும் துள்ளுமாரியால்தான். மாடுகளுக்குக் கோமாரி ஊசி முகாம் தேதியைத் தவறவிடக் கூடாது.

மழைக் காலத்தில் நீல நாக்கு நோய்க்கும் காலழுகலுக்கும் கண்ணை வைத்திருக்க வேண்டும். பட்டி மேடான இடத்தில் இருக்கட்டும். தை, மாசியில் சோளத்தட்டுப் போர் போட்டு வைத்தவர் கோடையில் கையேந்தமாட்டார்.

ஆடுகளின் வயதைப் பல் பார்த்துச் சொல்வது, சினை ஆட்டைத் தனியே பிரிப்பது, கிடாயை எந்த மாதத்தில் சேர்த்தால் குட்டி பசுமை உள்ள காலத்தில் விழும் என்று கணக்கிடுவது எல்லாம் கூட இருந்து பார்த்தால்தான் படியும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். இந்த ஒரு கணக்கைத் தவறவிட்டால் குட்டிகள் பங்குனி வெயிலில் பாலின்றி வாடும்.

இனமும் சந்தையும்

காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். மயிலை, காரி, செவலை என்று நிறம் பிரித்துப் பேசுவார்கள். உழவுக்கும் பாரத்துக்கும் பேர்போன இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இதைத் தெரிந்தெடுத்து வளர்த்ததால்தான் இனத்தின் பெயர் நாடெங்கும் பரவியது. இன்று குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இந்த இனத்தையும் கொறங்காட்டையும் சேர்த்துக் காக்கும் பணியைச் செய்கிறது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கயம் மாடுகளுக்கென்றே தாவணி கூடுகிறது. பழகுபவர் சில ஞாயிறு அங்கே சும்மா நின்று பார்த்தாலே போதும். சுழி விலையை எப்படி ஏற்றி இறக்குகிறது, திமிலையும் குளம்பையும் வாங்குபவர் எப்படிப் பார்க்கிறார் என்பது விளங்கும். சுழி சந்தை விலையைத்தான் மாற்றும், மாட்டின் உடல்நலத்தை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செம்மறியில் மேச்சேரி இனம் இந்த நிலத்துக்கு ஏற்றது. உடலில் கம்பளி இல்லாததால் வெயில் தாங்கும். இறைச்சிக்கும் தோலுக்கும் மதிப்பு உண்டு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

யார் பழகுவது?

ஒரு காலத்தில் இந்த வேலையைப் பழகியவர்கள் இரண்டு வகை. ஒன்று, பண்ணைய வீட்டுப் பிள்ளைகள். இன்னொன்று, சோற்றுக்கும் சொற்பக் கூலிக்கும் ஆள்காரராக விடப்பட்ட ஏழைச் சிறுவர்கள். இவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆட்டின் குணம் அந்தச் சிறுவர்களுக்குத் தெரிந்த அளவு பண்ணையக்காரருக்கே தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் அவர்களுக்கு இல்லை. அந்த முறை போனது நல்லதே. போனபோது அவர்கள் கையில் இருந்த அறிவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போனதுதான் இழப்பு. பண்ணைய வீட்டுப் பிள்ளைகளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் வெளியூர் வேலைக்கும் போய்விட்டார்கள்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலத்தைக் காக்கும் நோக்கோடு நடக்கும் ஆடு, மாட்டுப் பண்ணைகள் சில, இளைஞர்களுக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் கொடுத்துப் பல மாதங்கள் கூட வைத்துப் பழக்குகின்றன. கூலியும் மரியாதையும் கொடுத்தால் இங்கேயும் ஆள் வரும். வேளாண் கல்லூரி மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகக் கிராமத்தில் தங்கத்தான் செய்கிறார்கள். அந்த நாட்களில் சிலவற்றைக் கொறங்காட்டில் கழித்தால் நல்ல தொடக்கமாக இருக்கும்.

இன்றைய ஆபத்து

வேலி போட்ட காட்டில் இரவும் பகலும் ஆட்டை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பதே கொறங்காட்டின் பெரிய லாபம். அந்த நிம்மதி இப்போது இல்லை. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்யும் அளவுக்கு நிலைமை போனது. இரவில் உயரமான கம்பி வலைப் பட்டியில் அடைப்பதும், ஆள் காவலும் இன்று கூடுதல் செலவு. பலர் ஆட்டை விற்றுவிட்டுக் காட்டையும் விற்கும் முடிவுக்கு வருகிறார்கள். காடு வீட்டுமனையாகிவிட்டால், இத்தனை வருடம் சேர்ந்த புல் விதை திரும்ப வராது.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. கொங்கு நாட்டில் அந்த நிலம் இன்னும் கண்ணெதிரே இருக்கிறது.

பழக நினைப்போர் கவனத்துக்கு

முதல் வருடமே சொந்தமாக ஆடு வாங்க வேண்டாம். கோவை, திருப்பூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பேசிய கூலிக்கு ஒரு கொறங்காட்டுப் பண்ணையத்தில் ஐப்பசியில் சேர்ந்து அடுத்த ஐப்பசி வரை இருங்கள். ஒரு நோட்டு வைத்து, எந்தக் காட்டில் எந்தத் தேதியில் படல் திறந்தது, எத்தனை உருப்படி மேய்ந்தது, எப்போது சாத்தியது என்று எழுதி வாருங்கள். கொறங்காடு வைத்திருப்போரும் பழக வரும் பிள்ளையிடம் எடுபிடி வேலை மட்டும் வாங்காமல், காலையில் ஒரு சுற்று காட்டுக்குள் கூட்டிப் போங்கள். அந்தப் பிள்ளை ஒரு வருடம் கழித்து, யாரும் சொல்லாமலே தானாகப் போய்ச் சரியான நாளில் படலைச் சாத்தினால், உங்கள் காடு இன்னும் ஒரு தலைமுறைக்குப் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.