பேஸ் கிதாருக்குக் கனிந்த தந்தி

பேஸ் கிதாரின் தந்தியைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, ஊருக்குப் போகும் இரயில், வாடகை வீடு என்று எழுத வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. ஆயினும் சென்ற பொங்கல் விழாவுக்கு இரண்டு திங்கள் முன்னர், மட்டாஞ்சேரியில் உள்ள எங்கள் சிறு பாட்டுக் குழு நான்கே நான்கு தந்திகளின் பொருட்டுக் கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

மட்டாஞ்சேரி பாட்டுக்குப் புதிய ஊரன்று. கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் இவ்வூரில், ஆர்மோனியமும் தபலாவும் கொண்டு இரவெல்லாம் பாடி மகிழும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 1951-இல் வந்த 'ஜீவித நௌகா' படத்தில் பாடிப் புகழ்பெற்ற மெஹபூப் இப்பகுதியின் மைந்தர். 2018-இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயியும் அவ்வாறே. மேற்கத்திய இசையும் இங்கே அயலன்று. 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்னும் இசைத் தொகுப்பை வெளியிட்ட '13 ஏடி' குழு கொச்சியில் தோன்றியதே. ஆகவே தமிழ்ப் பெண் ஒருத்தி தோளில் பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தால், இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் என் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

எங்கள் குழுவில் பாடுபவர் ஓர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளமையில் வந்து, மிளகு மண்டியில் கணக்கெழுதியே வாழ்நாளைக் கழித்தவர். எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். கண்ணதாசன் எழுதி விசுவநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்த பாடல்களை அவர் பாடக் கேட்டால், ஊரை விட்டு வந்த ஏக்கம் சற்று ஆறும். முன்பெல்லாம் ஒலிபெருக்கி இல்லாமலே தெருமுனை வரை கேட்ட குரல் அது. இப்போது மெலிந்துவிட்டது, ஆனால் சொல் ஒவ்வொன்றையும் பூத்தொடுப்பதுபோல் எடுத்து வைக்கும் அழகு மட்டும் குறையவில்லை.

ஒத்திகையின்போது அவர் மூன்றாம் பாட்டின் நடுவே நிறுத்தினார். என் மகளைப் பார்த்து, "அம்மாடி, உன் கம்பி என் வாயிலிருந்தே சொல்லைப் பறித்துக்கொண்டு போகிறதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தேநீர் அருந்தும்போது என்னிடம் தனியே, "தம்பி, இந்த ஆண்டு இளையவர்கள் பாடட்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்தால் மகள், "தாத்தா பாடாத மேடையில் எனக்கு என்ன வேலை? நான் விலகிக்கொள்கிறேன் அப்பா" என்கிறாள். இருவர் மீதும் குற்றமில்லை. ஒலியைக் குறைத்துப் பார்த்தாள். அப்போது பாட்டுக்கு அடித்தளமே இல்லாமற் போயிற்று. ஒலியின் அளவில் இல்லை சிக்கல், அதன் தன்மையில் இருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். பேஸ் கிதாரின் நான்கு தந்திகளுள் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மெலியது 98 முறை. இவை மனிதக் குரலோடு போட்டியிடும் ஒலிகள் அல்ல. ஆனால் எந்தத் தந்தியும் தன் அடிச்சுரத்தை மட்டும் தருவதில்லை. அதன் மேல் அடுக்கடுக்காக மேற்சுரங்களும் பிறக்கின்றன. புதிய எஃகுத் தந்தியில் இவை மிகுதி. போதாக்குறைக்கு, தந்தி மெட்டுகளில் (வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான்) மோதும் ஓசையும், விரல் உராயும் ஓசையும் சேர்ந்துகொள்கின்றன. இவையெல்லாம் நொடிக்கு 2000 முதல் 4000 அதிர்வுகள் உள்ள பகுதியில் வந்து விழுகின்றன. பேச்சில் ச, த, ட போன்ற ஓசைகள் பிரிந்து தெளிவதும் அந்தப் பகுதியில்தான். அண்ணாச்சி சொன்னது உவமை அன்று; முழு உண்மை.

மேல்நாட்டு இசைக்காரர்கள் இதற்குச் 'சூடான' ஒலி வேண்டும் என்பார்கள். நமக்குச் சூடு என்றால் வேறு பொருள். கனிந்த நாதம் என்று சொல்லலாம். நம்மவர்க்கு இது தெரியாத செய்தியும் அன்று. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன்னர் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, எதற்காக? கணீரென்று ஒலிக்கும் தோலைக் 'கும்' என்று கனிய வைப்பதற்காகத்தான். யாழின் தந்திக்கு நரம்பு என்றே தமிழர் பெயர் வைத்தனர். ஐரோப்பாவில் ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்துக்கும் நெடுங்காலம் விலங்கின் குடல் நரம்பே தந்தியாக இருந்தது.

மின்சார பேஸ் கிதார் வந்த பின்னரும் முதலில் கனிந்த நாதமே வழக்கில் இருந்தது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அக்காலத்துத் தந்திகள் பெரும்பாலும் தட்டைச் சுற்றுத் தந்திகள். அதாவது நடுக்கம்பியின்மீது உருண்டைக் கம்பிக்குப் பதிலாக நாடா போன்ற தட்டைக் கம்பியைச் சுற்றியவை. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். 1966-இல்தான் இங்கிலாந்தில் ரோட்டோசவுண்ட் நிறுவனம், 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியைப் பியானோ போல முழங்கும்படி செய்து தந்தது. பின்னர் உலகமே அதன் பின்னால் சென்றுவிட்டது. இன்று கடையில் புதுக் கிதார் வாங்கினால் பெரும்பாலும் அத்தந்தியே பூட்டியிருக்கும். எனவே அண்ணாச்சி பாடும் 1960-களின் பாட்டுக்கு அந்நாளையத் தந்தியைத் தேடுவது பழைமைப் பித்து ஆகாது. பொருத்தம் பார்ப்பதே ஆகும்.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர் தம் 1962-ஆம் ஆண்டுக் கருவியில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டி, அறுந்தாலன்றி மாற்றாமல், பெரும்பாலும் ஒரே ஒரு விரலால் வாசித்தவர். அவர் வாசிப்பில் பாடகரின் ஒரு சொல்லாவது மறைந்ததாக நான் கேட்டதில்லை.

தந்தி வாங்குமுன் செலவில்லாத வழிகளைப் பார்த்தோம். ஒலித்தன்மைக் குமிழைத் திருகி மேற்சுரங்களைக் குறைத்தாள். குதிரைக்கு அருகே மீட்டாமல் கழுத்துப் பக்கம் தள்ளி மீட்டினாள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது. பிறகு குதிரையை ஒட்டித் தந்திகளின் அடியில் ஒரு பஞ்சுத்துண்டைச் செருகினோம். பாத்திரம் துலக்கும் பஞ்சுதான். நாதம் மிக இனிமையாயிற்று. ஆனால் சுரம் பிறந்தவுடனே அடங்கிவிட்டது. துள்ளல் பாட்டுக்கு அது நன்று. அண்ணாச்சி இழுத்துப் பாடும் சோகப் பாட்டுக்குத் தாங்கவில்லை.

பின்னரே எர்ணாகுளத்துக் கடைகளுக்குச் சென்றோம். கனிந்த தந்தி என்பது ஒரே வகை அன்று. உருண்டைச் சுற்றிலேயே தூய நிக்கலால் ஆனவை, துருப்பிடிக்காத எஃகைவிடச் சற்று மென்மையானவை. உருண்டையாகச் சுற்றிப் பின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தியவை அதற்கடுத்த படி. அப்பால் தட்டைச் சுற்று. எல்லாவற்றினும் மென்மையானவை நைலான் நாடா சுற்றியவை. உள்ளே எஃகு இருப்பதால் காந்த ஒலிவாங்கி அவற்றையும் உணர்ந்துகொள்கிறது. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர் நைலான் தந்தி பூட்டிய தம் கருவியை ஒருநாள் இரவல் தந்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "இது, இதுதான்" என்றார். மகளோ இசையவில்லை. எங்களிடம் இருப்பது சிறிய ஒலிபெருக்கி. சிறிய பெட்டி 41 அதிர்வை உள்ளபடி தராது. மேற்சுரங்களைக் கொண்டுதான் நம் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. அவற்றை முற்றும் நீக்கினால் எந்தச் சுரம் என்பதே மங்கிவிடும் என்றாள். அவள் சொன்னதே சரியென எனக்கும் பட்டது. மேலும் அத்தந்தி தடிமன். கழுத்தின் தலைப்பில் உள்ள பள்ளங்களை அரத்தால் அகலப்படுத்த நேரும்.

ஆகவே தட்டைச் சுற்றையே தேர்ந்தோம். அதிலும் வியன்னாவின் தொமாஸ்டிக் தந்தி இழுவிசை குறைந்து விரலுக்கு இதமானது. விலை எங்களுக்கு எட்டவில்லை. லா பெல்லா ஆழ்ந்த நாதம் உடையது. டி'அடாரியோவின் 'குரோம்ஸ்' தட்டைச் சுற்றுகளுள் சற்றுப் பளிச்சென்று ஒலிப்பது; வாசிக்க வாசிக்கக் கனிவது. சிறிய பெட்டியை எண்ணி, 45 முதல் 100 வரை தடிமன் கொண்ட குரோம்ஸ் தொகுதியை மகள் எடுத்துக்கொண்டாள். சாதாரணத் தந்தியைவிட விலை கூடுதல்தான். ஆனால் உருண்டைச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் புகுந்து சில மாதங்களில் ஒலி செத்துப்போகும். நம் காயற்கரையின் ஈரமும் உப்புக் காற்றும் அதை இன்னும் விரைவுபடுத்தும். தட்டைச் சுற்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

வாங்க எண்ணும் அன்பர்களுக்கு இரண்டு செய்திகள். தட்டைச் சுற்றின் நுனியை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னே செங்குத்தாக மடித்து முறுக்காணியில் செருகுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேற்சுற்று நழுவிவிடும். இழுவிசை மாறினால் கழுத்து வளையலாம். உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் காட்டுவது நலம்.

முதல் வாரம் அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் பாடிக்கொண்டிருக்கையில் ஒலிவாங்கியை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து, மகளின் பக்கத்தில் நின்று பாடத் தொடங்கினார். பொங்கலன்று ஐந்து பாட்டுப் பாடினார். ஆறாவதைக் கூட்டத்தினர் கேட்டு வாங்கினர்.

கழற்றிய தந்திகளை மகள் துடைத்துச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறாள். கல்லூரிக் குழுவினர் அவற்றைத் திரும்பப் பூட்டும்படி கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். சித்திரைத் திருநாளுக்குத் தாத்தா இன்னும் இரண்டு பாட்டு எடுத்திருக்கிறார், அது முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.