பாலில்லாத் தேநீர்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், சமவெளியிலிருந்து கோத்தகிரிப் பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு நான் மாற்றலாகி வந்த புதிது. இல்லச் சந்திப்பின்போது, கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் பாலில்லாத் தேநீரையும் ஒரு துண்டு கருப்பட்டியையும் என்முன் வைத்தார். வறுமை என்றெண்ணிப் பாதியை மீதி வைத்துவிட்டு, மறுநாள் உபதேசியாரிடம் பால் வாங்கப் பணம் கொடுத்தனுப்பினேன். பணம் அப்படியே திரும்பி வந்தது. “பால் இல்லாமல் போடவில்லை சாமி, பால் ஊற்றாமல் போட்டேன்” என்ற சொல்லும் உடன் வந்தது.

வெட்கத்தோடு, பங்கைச் சேர்ந்த தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவரிடம் பாடம் கேட்டேன்.

வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு எனத் தேயிலை பலவகையாயினும் செடி ஒன்றே. பறித்த கொழுந்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. மொட்டையும் இளந்தளிரையும் வாட்டி உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. பறித்த இலையை விரைவில் ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி, நிறம் மாறாமல் காத்தால் பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டுச் செம்புநிறமாக விட்டு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. அம்மாற்றத்தை நடுவில் நிறுத்தினால் ஊலாங்.

கறுப்பிலும் இருவகை உண்டு. இலையை முறுக்கிச் சுருட்டுவது ஆர்த்தடாக்ஸ். பல்லுருளைகளுக்கிடையே நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குவது சி.டி.சி.; 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய முறை. இதில் சாயம் விரைந்து இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். ஆர்த்தடாக்ஸின் மென்மணமோ பாலில் அமிழ்ந்துவிடும். ‘டஸ்ட்’ என்பதும் கூட்டியெடுத்த குப்பையன்று. சலிக்கும்போது பிரியும் மிக நுண்ணிய தரமே. பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. சற்று ஆறிய நீரில் இரண்டு, மூன்று நிமிடம் போதும். மிஞ்சினால் கசக்கும்.

மீண்டும் அவ்வில்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் மூதாட்டி தம் கதையைச் சொன்னார். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆர்த்தடாக்ஸ் தேயிலையே மிகுதியாக விளையும் நாடு அது. பிறந்த மண்ணையும் பெற்றோரின் கல்லறையையும் விட்டு வந்தவர், தாய் கற்பித்த அந்தச் ‘சாயத்தண்ணி’யை மட்டும் விடவில்லை. மனத்துக்கு நெருங்கியவர்களுக்கே அதைக் கொடுப்பாராம். அதைத்தான் நான் மீதி வைத்தேன்!

மறுபடியும் ஒரு குவளை கேட்டு வாங்கி, கடைசித் துளிவரை பருகினேன்.

ஒரு குவளை தண்ணீருக்கும் ஆண்டவரிடம் கைம்மாறு உண்டென்று எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறேன். கொடுப்பதைப் பற்றியே பேசினேன். அக்குவளையைப் பெற்றுக்கொள்ளும் முறையை எனக்குக் கற்பித்தவர் அம்மூதாட்டியே.