தாசில்தார் வந்து பார்த்த கட்டில்

மூளையில் ரத்தம் கசிந்து என் கணவர் விழுந்தபோது எனக்கு 68 வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் கண் திறந்திருக்கும், ஆள் தெரியாது. மூக்கில் குழாய், ராத்திரிக்கு ஓர் ஆயா. பணம் வங்கியில் இருந்தது, அவர் பெயரில் மட்டும்.

நான் பயப்படவில்லை. முந்தின வருஷம்தான் எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். வக்கீல் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார். எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் தவறினாலோ பவர் முடிந்துபோகும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 201-ம் பிரிவு. அவர் படுத்துவிட்டால் உதவும் என்று பத்திரப்படுத்திய காகிதம், அவர் படுத்த அன்றே செல்லாமல் போயிருந்தது. நினைவு தப்பிய பிறகும் செல்லும்படி எழுதிவைக்க இங்கிலாந்தில் 1985-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். நமக்கும் அது வேண்டும்.

மைனருக்குக் கார்டியன் நியமிக்க 1890-ம் வருஷத்துச் சட்டம் உண்டு. கோமாவில் கிடக்கும் பெரியவருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்திருந்தது. அதைக் காட்டித்தான் எங்கள் மனு. ‘தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்’ என்று அதில் ஒரு வரி. 41 வருஷம் வீட்டு வரியிலிருந்து கல்யாண மொய் வரை பார்த்துக்கொண்டவர். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அந்த வழிமுறைப்படி டாக்டர்கள் பரிசோதித்தார்கள். பிறகு தாசில்தார் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கட்டிலருகே குனிந்து, “ஐயா, உங்க பேர் என்ன?” என்று மூன்று தடவை கேட்டார். அந்த மரியாதை இன்னும் கண்ணில் நிற்கிறது. போகும்போது பக்கத்து வீட்டிலும் எங்களைப் பற்றி விசாரித்தார். அன்று கோபம் வந்தது. ஆனால், தூங்குகிற தகப்பனின் பெருவிரலை மையில் அழுத்தி எடுத்த பிள்ளைகளையும் இதே ஊரில் பார்த்திருக்கிறேன். வாய் பேச முடியாதவர் சொத்தை, பெண்டாட்டி என்பதற்காக மட்டும் கேள்வி கேட்காமல் என் கையில் கொடுத்துவிட முடியுமா?

நீதிமன்றம் என்னைக் கார்டியனாக நியமித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே கணக்குக் கொடுக்க வேண்டும். ஆயா சம்பளம், டயப்பர், குழாயில் ஊற்றும் கஞ்சிமாவு என்று தனி நோட்டில் எழுதினேன். பேரன் பிறந்தநாளுக்கு 500 ரூபாய் எடுத்தேன். அவராக இருந்தால் 1,000 கொடுத்திருப்பார். இருந்தாலும் மறுநாள் என் பணத்திலிருந்து திரும்ப வைத்தேன்.

அவர் போன அன்றே கார்டியன் அதிகாரமும் போயிற்று. அடுத்து வாரிசுச் சான்றிதழ். என் பெயர், தன் பெயர், தங்கை பெயர் எழுதிய மகன், 91 வயதுப் பாட்டியை விட்டுவிட்டான். வேண்டுமென்றே இல்லை, யாருக்கும் தோன்றுவதில்லை. உயில் எழுதாமல் இறந்த ஆணுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்கிறது 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். எங்கள் வீட்டில் நாலில் ஒரு பங்கு. “பாட்டிகிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கிடலாம்மா” என்றான். நான் சம்மதிக்கவில்லை.

அத்தை பங்கை அவர் பெயரிலேயே டெபாசிட் போட்டோம். கைநாட்டு வைக்கும்போது, “இது யார் பணம்?” என்று கேட்டார்.

“உங்க பணம்தான் அத்தை.”

“அவன் வைத்தியத்துக்கே எடுத்திருக்கலாமேம்மா” என்றார்.